பத்து ஓட்ட வித்தியாசம்

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதன் நான்கு கால்களில் மூன்றைத்தான் நம்பலாம். இப்படி டிவிக்கு நேராக உட்காருங்கள். கிரயப் பத்திரத்தை மேஜைமேல் வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? போடத்தான் போகிறேன். உங்கள் டோக்கன் மூன்றரை மணிக்கு. இப்போது மணி ஒன்றரை. பதிவு அலுவலகத்துக்கு இங்கிருந்து நடந்தால் ஏழு நிமிஷம். இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து இருபத்தொன்பது வருஷமாக வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன், நிமிஷக் கணக்கில் எனக்குத் தப்பு வராது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இதைப் பிடியுங்கள். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், வயர் மேல்பக்கம் வரவேண்டும். இடது கட்டைவிரலுக்கு அந்தக் கூட்டல் குறி, வலது கட்டைவிரலுக்கு இரண்டு சிவப்புப் பொத்தான். அவ்வளவுதான். உங்கள் பெயர் இசக்கிமுத்துதானே? இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் என் தம்பி சங்கரநயினார். சிரிக்காதீர்கள் சார். இந்த லாட்ஜில் பாதி அவனுடையது. அவன் அமெரிக்காவில் இருந்துகொண்டு, தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட உங்கள் வக்கீலுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறான். அப்படியானால் வக்கீலின் குமாஸ்தா அவனுக்குப் பதிலாக ஓர் ஆட்டம் ஆடுவதில் என்ன சட்டச் சிக்கல்?

இது டிவி கேம். எண்பதுகளில் ஜப்பானில் செய்தது. 1994-ல் எங்கள் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். கேசட் ஒன்றே ஒன்று, அது பேஸ்பால். சங்கரன்கோவிலில் அன்றைக்குப் பேஸ்பால் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? என்னையும் நயினாரையும் சேர்த்து, பூஜ்யம். திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து, கூட வந்த கையேடும் ஜப்பான் எழுத்து. பார்த்தோம். ஒருவன் பந்து வீசுகிறான், ஒருவன் மட்டையால் அடிக்கிறான், மற்றவர்கள் ஓடுகிறார்கள். கிரிக்கெட்டை அரைகுறையாகக் கேட்டுவிட்டு யாரோ செய்த மெஷின் என்று முடிவுகட்டி, கிரிக்கெட் சட்டப்படியே ஆட ஆரம்பித்தோம். பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தால் நோட்டில் ஆறு என்று எழுதுவேன். மெஷின் ஒன்றுதான் கொடுக்கும். ஒரு வாரம் மெஷினோடு சண்டை போட்டுப் பார்த்தோம். பிறகு, மெஷின் கஞ்சம் என்று விட்டுவிட்டோம்.

வீசுங்கள். அந்த வலது ஓரப் பொத்தான். பரவாயில்லை, முதல் பந்து யாருக்கும் அப்படித்தான் போகும்.

நோட்டு என்று சொன்னேன் இல்லையா, அது ஸ்கோர் நோட்டு மட்டுமில்லை. அதன் கடைசிப் பக்கங்களில் சட்டங்கள் இருந்தன. பதினான்கு சட்டம், எல்லாம் என் கையெழுத்தில். ஒன்றாம் சட்டம், யார் முதலில் ஆடுவது. நான்காம் சட்டம், எதிராளி பந்தை வீசும்போது இருமக் கூடாது. ஏழாம் சட்டம்தான் நமக்கு முக்கியம். ஆட்டத்தின் நடுவில் மெஷின் ஸ்டக் ஆகி நின்றுவிட்டால் அந்த ஆட்டம் செல்லாது, கேசட்டைக் கழற்றி, ஊதி, மறுபடி போட்டு, முதலிலிருந்து ஆடவேண்டும்.

ஊதுவது என்ன என்று தெரியுமா? கேசட்டின் அடிப்பக்கம் தகடு தகடாக இருக்கும். அதில் வாயை வைத்து, புல்லாங்குழல் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதவேண்டும். உலகம் முழுக்க எல்லோரும் ஊதியிருக்கிறார்கள் சார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊதினால் எச்சில் பட்டுத் தகடு கெட்டுப்போகும் என்று இப்போது படிக்கிறேன்.

பார்த்தீர்களா, அடித்துவிட்டேன். இரண்டு ஓட்டம். நீங்கள் வருத்தப்படாதீர்கள், நான் இரண்டு மாதமாகப் பயிற்சியில் இருக்கிறேன்.

1996-ல் நானும் நயினாரும் ஒரே வருஷம் பிளஸ் டூ முடித்தோம். நாங்கள் இரட்டையர் இல்லை. நான் ஒரு வயது மூத்தவன். முந்தின வருஷம் கணக்கில் மார்க் குறைந்துவிட்டதென்று இம்ப்ரூவ்மென்ட் எழுதினேன், அதனால் தம்பியோடு சேர்ந்து வந்து நின்றேன். இரண்டு பேருக்கும் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அவனுக்குக் கோயம்புத்தூர், எனக்குச் சென்னை. கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அப்பா இதோ, நான் உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில் உட்கார்ந்து இரண்டையும் படித்தார்.

“ரெண்டு பேரும் போயிட்டா கவுண்டர்ல யாருடே உக்காருவா? எனக்கு மூட்டு மடக்க முடியல. ஒருத்தன் போங்க, ஒருத்தன் இருங்க. யாருன்னு உங்களுக்குள்ள பேசிக்கிடுங்க.”

பேசினோம். பத்து நிமிஷம் இருக்கும். பேச்சில் தீராது என்று தெரிந்ததும் டிவியைப் போட்டோம். ஒன்பது இன்னிங்ஸ். ஜெயித்தவன் போகவேண்டும், தோற்றவன் இருக்கவேண்டும். இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் மட்டும் அறிவுடைமையா? இதிலாவது கொஞ்சம் திறமை வேண்டும்.

இல்லை, அந்தக் கூட்டல் குறியின் கீழ்ப்பக்கத்தை அழுத்திக்கொண்டே வீசினால் வேகமாகப் போகும். அப்படித்தான். நன்றாக வருகிறது உங்களுக்கு. நாலு பூஜ்யம்.

அன்றைக்கு நான் ஆடிய மாதிரி அதற்கு முன்னாலும் ஆடியதில்லை, பின்னாலும் ஆடியதில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் பதினொன்று ஒன்று. நான் பதினொன்று. அடித்த பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது, என் ஆள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கால் வைத்தான், உடனே எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். திரையில் நான்கு ஜப்பான் எழுத்து. ஏதோ ஒரு பாட்டு.

நயினார் சொன்னான், “எண்ணே, பாட்டு வருது. இது எப்பவும் வாறதுதான? இருண்ணே, என்னன்னு கேப்போம்.”

அதற்குள் கேசட் வெளியே வந்துவிட்டது.

யார் கழற்றியது என்று கேட்கிறீர்கள். அது இங்கே முக்கியமில்லை சார். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கழற்றினான். மெஷினுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். நின்றுபோனால் கழற்றி ஊதவேண்டும் என்பது ஏழாம் சட்டம். அந்த மெஷின் அதற்கு முன்னாலும் பலமுறை நின்றிருக்கிறது. யாராவது ஒருவன் ரொம்ப முன்னால் போகும்போதுதான் நிற்கிறது என்பதைக்கூடக் கவனித்திருந்தோம். நிறைய ஓட்டம் எடுத்தால் மெஷின் சூடாகிவிடுகிறது என்று காரணமும் கண்டுபிடித்திருந்தோம். நான்தான் கண்டுபிடித்தேன்.

அப்போது நயினார் என்ன சொன்னான் தெரியுமா? “விடுண்ணே. பதினொண்ணு ஒண்ணு. இதுக்குமேல நான் என்னத்த எடுக்க? நீ ஜெயிச்சிட்ட. நீ மெட்ராஸுக்குப் போ.”

தந்திரத்தைக் கவனித்தீர்களா? சட்டத்தை மீறச் சொல்கிறான். “ஏழாம் சட்டம் என்ன சொல்லுது?” என்றேன்.

“அதை எழுதுனதே நீதானண்ணே.”

“எழுதுனவனே மீறினா வேற எவன்டே மதிப்பான்?”

மறுபடி முதலிலிருந்து ஆடினோம். மூன்று நாலு. நான் மூன்று. அடுத்த வியாழக்கிழமை அவன் கோயம்புத்தூருக்கு ரயிலேறினான். நான்தான் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். ரயில் நகரும்வரை, “எண்ணே, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, நீ ஏறிக்கோ, நான் இறங்கிக்கிடுதேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஜெயித்தவனுக்கு அப்படியெல்லாம் பேசுவது சுலபம்.

ஆறு பூஜ்யம். டீ சொல்லட்டுமா? சரி, வேண்டாம். மணி இரண்டேகால்தான் ஆகிறது, கடிகாரத்தை ஏன் பார்க்கிறீர்கள்?

அதிலிருந்து நான் இங்கே. பதினாறு அறை. வருஷத்தில் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பத்து நாள் எல்லாம் நிரம்பும், மற்ற நாளில் நாலோ ஐந்தோ. அப்பா 2003-ல் போய்ச் சேர்ந்தார். அப்போதாவது இதை யாருக்காவது விட்டுவிட்டு வெளியே போயிருக்கலாமே என்று செண்பகம் கேட்பாள். செண்பகம் என் மனைவி. எப்படிப் போவது? அந்த வருஷத் தபசுக்கு முன்பதிவு எடுத்தாகிவிட்டது. அடுத்த வருஷம் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. அதற்கடுத்த வருஷம் என்னவோ, நினைவில்லை, ஆனால் ஏதோ இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது இருக்கும் சார். லாட்ஜ் என்பது பூட்டிவிட்டுப் போகிற சாமான் இல்லை.

மகள் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள். தை மாதம் செண்பகம் அங்கே போனாள். பதினைந்து நாள் என்று சொல்லிப் போனவள். இப்போது தினமும் காலையில் போன் வருகிறது. “கையெழுத்துப் போட்டாச்சா? உங்களுக்குன்னு தனி ரூம் வச்சிருக்கு. ஜன்னலுக்கு நேரா மேஜை போட்டிருக்கு. நீங்க வாறீங்களா, இல்ல நான் இங்கேயே இருந்துக்கிடவா?” என்கிறாள். இப்படி இரண்டே வழி வைத்துக் கேள்வி கேட்பது தர்க்கத்தில் ஒரு பிழை, மூன்றாவது வழி இருக்கலாம் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

நயினாரும் செண்பகமும் பேசி வைத்துக்கொண்டுதான் விற்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக நான்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கே மாட்டிக்கொண்டேன் மாட்டிக்கொண்டேன் என்று. விற்பதற்காக மேல்மாடி அறையை ஒழித்தபோதுதான் இந்த மெஷின் கிடைத்தது. இந்த டிவியும் பழைய டிவியாக இருந்தது நல்லதாகப் போயிற்று, புது டிவியில் இந்த மஞ்சள் வயரைச் செருக இடமே இல்லை. போட்டேன். உயிரோடு இருந்தது. தனியாக மெஷினை எதிர்த்து ஆடினேன். ஒரு நாள் நான் பத்து முன்னால் போனதும் நின்றுவிட்டது. அதே நான்கு எழுத்து, அதே பாட்டு.

கை கேசட்டுக்குப் போய்விட்டது. ஆனால் இப்போது இன்னொரு கையில் போன் இருக்கிறதே. எழுத்தின்மேல் காட்டினால் மொழிபெயர்த்துக் காட்டும். காட்டினேன். “ஆட்டம் முடிந்தது. வெற்றி” என்றது.

போனை நம்பலாமா? பேஸ்பாலின் சட்டப் புத்தகத்தையே இறக்கி, அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, இதோ, இரண்டு தடவை படித்துவிட்டேன். கூடவே இந்தக் கேசட்டைப் பற்றி எழுதியிருந்தவர்களையும் தேடிப் பிடித்தேன். ஒருவன் பத்து ஓட்டம் முன்னால் போய்விட்டால், எதிராளியை மேலும் அவமானப்படுத்தவேண்டாம் என்று ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்களாம். நிஜ மைதானத்தில் அதற்கு ஏகப்பட்ட நிபந்தனை. இந்தக் கேசட்டில் ஒரே நிபந்தனை, பத்து. பதினொன்றில் ஒன்று போனால் எவ்வளவு சார்?

மெஷின் நிற்கவில்லை. ஸ்டக் ஆகவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே நயினாருக்குப் போன் பண்ணினேன். அங்கே அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள்களைக் கூட்டிக்கொண்டு நிஜப் பேஸ்பாலே பார்க்கப் போகிறவன். சொன்னேன். முழுதாகக் கேட்டுக்கொண்டான். பிறகு சொல்கிறான்:

“ஆமாண்ணே. இங்க வந்து மொத வருசமே எனக்குத் தெரியும். மேட்ச் பாக்கும்போது ஒருத்தர் சொன்னாரு. அன்னைக்கே உனக்குப் போன் பண்ணலாம்னு நினைச்சேன்.”

“ஏன்டே பண்ணல?”

“பண்ணி என்னண்ணே சொல்ல? நீதான கழட்டுன.”

இதைக் கேட்டீர்களா? இருபத்தைந்து வருஷமாகத் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. இதற்கு என்ன பெயர்? அதற்குமேல் அவன், “சரிண்ணே, நீதான் ஜெயிச்ச. ஒத்துக்கிடுதேன். இப்பவாவது கிளம்பு” என்கிறான். எனக்கு அவன் ஒத்துக்கொள்வது வேண்டாம் சார். 1996-லும் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொள்வது அவனுக்குப் பழக்கம். எனக்கு வேண்டியது சாட்சி. அதனால்தான் நீங்கள். நான் பத்து ஓட்டம் முன்னால் போகிறேன், மெஷின் தானாக நிற்கிறது, பாட்டு வருகிறது, நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள், உங்கள் வக்கீலிடம் சொல்கிறீர்கள், அவர் அவனிடம் சொல்கிறார். பிறகு நான் ஜெயித்தவனாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓசூருக்குப் போகிறேன். தோற்றவனாகப் போவதும் ஜெயித்தவனாகப் போவதும் ஒன்றில்லை.

ஒன்பது பூஜ்யம். ஆமாம், ஒன்பது. இன்னும் ஒன்றுதான்.

அவுட். சரி, அது கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

இதுவும் அவுட். இந்தத் திரையில் வெயில் அடிக்கிறது. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? நன்றி.

என்ன சொல்கிறீர்கள்? பொத்தானை அழுத்தவே இல்லையா? அழுத்தினேன் சார். பழைய பொத்தான், சில நேரம் உள்ளேயே நின்றுவிடும். நீங்கள் என் கட்டைவிரலையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பந்தைப் பார்க்கவேண்டாமா?

அடுத்த இன்னிங்ஸ். உங்கள் முறை முடிந்தது, என் முறை. மணி மூன்று ஐந்து. தெரியும், தெரியும்.

இது என்ன, பந்தை வெளியே வீசுகிறீர்கள்? மறுபடி வெளியே. நாலு பந்து வெளியே போனால் என் ஆள் அடிக்காமலேயே, ஓடுகிறவர்கள் கால் வைக்கும் மூன்று தளங்களில் முதலாவதற்கு நடந்துபோய்விடுவான். நாங்கள் அதற்கு ஓசி நடை என்று பெயர் வைத்திருந்தோம். பார்த்தீர்களா, நடக்கிறான். ஜாக்கிரதையாக வீசுங்கள்.

இவனும் நடக்கிறான். சார், நீங்கள் வேண்டுமென்றே செய்கிறீர்கள். மூன்று தளத்திலும் ஆள் நின்று, நான்காவது ஆளுக்கும் ஓசி நடை கிடைத்தால் முன்னால் நிற்பவன் தானாக வீட்டுக்கு, அதாவது புறப்பட்ட இடத்துக்கே, தள்ளப்படுவான். அது ஓர் ஓட்டம். அது யார் சொல்லிக்கொடுத்து உங்களுக்குத் தெரிந்தது? இப்போதுதான் நானே சொன்னேனா? இப்படி ஜெயிப்பதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறது என்பது வேறு. இடம் இருக்கிறது, மறுக்கவில்லை.

மூன்று தளமும் நிறைந்துவிட்டது. அங்கேயே நில்லுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள். வெளியே போகிற பந்துக்கும் நான் நினைத்தால் மட்டையை வீசி, தவறவிட்டு அவுட் ஆகலாம். மூன்று தடவை மட்டையை வீசினால் போதும். சும்மா சொன்னேன், விதி என்ன என்று.

ஒன்று.

இரண்டு. 

மூன்று. மூன்று பந்தும் வெளியே. உங்களுக்கு முகத்தில் இரக்கமே இல்லை சார்.

நாலாவதும் வெளியே. நான் மட்டையை வீசவில்லை. ஏன் வீசாமல் இருந்தேன் என்று கேட்காதீர்கள், கை வரவில்லை.

நடக்கிறான். முன்னால் நிற்பவன் வருகிறான் பாருங்கள், எவ்வளவு நிதானமாக வருகிறான். கால் வைத்துவிட்டான். நின்றுவிட்டது. நான்கு எழுத்து.

பேசாதீர்கள். பாட்டு முடியட்டும். இதை நான் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை.

முடிந்துவிட்டது. இவ்வளவுதானா. எட்டு விநாடிகூட இருக்காது. மறுபடி முதல் திரை வந்துவிட்டது, ஒருவர் ஆடுகிறீர்களா இருவர் ஆடுகிறீர்களா என்று கேட்கிறது.

பத்து பூஜ்யம். நீங்கள் பார்த்தீர்கள். சாட்சி. ஆக, போகவேண்டியவன் நான்.

மணி மூன்று பதினாறு. இன்னும் நேரம் இருக்கிறது. பேனா என்னிடமே இருக்கிறது, கொடுங்கள் பத்திரத்தை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. முதல் பக்கம் சரி. கோமதிநாயகம், வயது நாற்பத்தெட்டு, சரி. இரண்டாம் பக்கம் சரி. சொத்து விவரம். நான்கு எல்லை. வடக்கே தெரு, சரி. மேற்கே மாவு மில், சரி. தெற்கே காலிமனை, சரி. கிழக்கே நகராட்சி வாய்க்கால்.

வாய்க்கால் எங்கே சார் இருக்கிறது?

எழுந்து அந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். அந்த வாய்க்காலை 2009-ல் சிமென்ட் பலகை போட்டு மூடி, மேலே தார் ரோடு போட்டுவிட்டார்கள். கிழக்கே இருப்பது ரோடு. இல்லாத வாய்க்காலை எல்லையாகக் காட்டி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

மூலப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பீர்கள். இருக்கும். அது 1971. அப்போது வாய்க்கால் இருந்தது. இதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்பீர்கள். நான் பார்க்கிறேனே. போன மாதமே நகல் அனுப்பினோமே, படிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். படித்தேன். அன்றைக்கே இதைப் பார்த்துவிட்டேன். முதலில் ஆட்டம் முடியட்டும் என்று சொல்லாமல் இருந்தேன்.

கோபப்படாதீர்கள். தப்பு உங்களுடையதில்லை. முறைப்படி நகராட்சியில் ஒரு சான்று வாங்கி, இந்த இடத்தைத் திருத்தி, புதிதாக அச்செடுத்து, புதிதாக டோக்கன் போட்டால் ஒரு மாதம் ஆகலாம். நயினாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். செண்பகத்திடம் நான் நாளைக் காலையில் பேசிக்கொள்கிறேன். சான்று கிடைத்ததும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு எந்த நாளும், எந்த நேரமும் வாருங்கள், போன் பண்ணிவிட்டு வரவேண்டும் என்றுகூட இல்லை. நான் எங்கே போகப்போகிறேன், இங்கேதான் இருப்பேன்.